ரிவர்ஸ் உள்ள வண்டி

புளியந்தோப்பில் ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆக்டிங் டிரைவர், கால் டாக்ஸி, ஹார்பருக்கு டிரெய்லர், கோயம்பேட்டுக்குக் குட்டி யானை என்று ஆளுக்கு ஒரு வண்டி. சொந்தக் கார்தான் அபூர்வம். வாங்கினாலும் விட இடம் ஏது?

எங்கள் வீட்டில் நைனா பின்னி மில் தொழிலாளி. கடைசிவரை சைக்கிள்தான். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மாநகரப் பஸ் டிரைவர். வியாசர்பாடி டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணன் லாரி ஓட்டினான். அண்ணன் மகன் கால் டாக்ஸி. வீட்டில் ஒரு பையனுக்குப் பதினெட்டு முடிந்தால் எல்.எல்.ஆர். போடுவது பற்றிய பேச்சு தானாக எழும். அந்தப் பேச்சில் என் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எனக்கு இடது காலில் போலியோ. காரில் மூன்று பெடல். இடது காலுக்கென்று ஒதுக்கிய கிளட்ச்சை என்னால் மிதிக்க முடியாது. அதோடு கணக்கு முடிந்துவிட்டது.

எனக்குக் காய்ச்சல் வந்தது 1977இல், இரண்டு வயதில். நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் போலியோ சொட்டு மருந்து சேர்ந்தது 1979இல். இந்த இரண்டு வருஷங்களை அம்மாவால் மறக்கவே முடியவில்லை. 1995 கடைசியில் பல்ஸ் போலியோ முகாம்கள் தொடங்கியபோது, விடிந்ததும் தெருவில் இறங்கிவிடுவாள். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் நடக்கிற குழந்தை என்று நர்ஸம்மாவுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் வாயைத் திறந்து இரண்டு சொட்டு விட்டபிறகுதான் தாய்க்காரியிடமே சொல்லுவாள். அதற்காக ஒருத்தி சண்டைக்கு வந்தபோது, அம்மா பதில் பேசாமல் வாசலில் உட்கார்ந்திருந்த என்னைக் கை காட்டினாள். எனக்கு அது வலித்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அவள் செய்தது சரிதான் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில்தான் காலுக்கு அளவெடுத்துக் காலிப்பர் செய்து கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, தொடையிலும் கெண்டையிலும் தோல் வார், கீழே பூட்ஸ். முழங்காலுக்கு நேராக இரண்டு வளையங்கள். நடக்கும்போது அவை கீழே இறங்கி மூட்டைப் பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் புடவைக்கு மேலேயே தடவி வளையத்தைத் தூக்கிவிட வேண்டும். பஸ்ஸில் சீட் கிடைத்து, வளையத்தைத் தூக்கி உட்கார்வதற்குள் பாதி நாள் என் நிறுத்தம் வந்துவிடும்.

1996இல் மில்லை மூடினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் சங்கு ஊதிய மில். நைனா அதற்குப் பிறகு வீட்டில் நேரம் கேட்பதையே விட்டுவிட்டார். மறு வருஷம் தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்குக் கணக்கு வேலை கிடைத்தது. கப்பலில் வந்த சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் தயார் செய்கிற இடம். இருபதடி கண்டெய்னர் எத்தனை, நாற்பதடி எத்தனை, எதற்கு எவ்வளவு வாடகை என்று நாள் முழுக்க எழுதுவேன். பஸ்ஸில் போய்வந்து கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஸ்கூட்டர் வாங்கினேன்.

அந்த ஸ்கூட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1984இல் கைனெடிக் ஹோண்டா வந்தபோதுதான் நம் ஊரில் கியர் மாற்ற வேண்டாத ஸ்கூட்டரை ஜனங்கள் பார்த்தார்கள். பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட், முறுக்கினால் ஓட்டம். தொண்ணூறுகளில் டி.வி.எஸ். ஸ்கூட்டியும் வந்தது. பெண்கள் வண்டி என்று விளம்பரம் செய்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது கால் ஆனது. பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் இரண்டு சைடு வீல் பூட்டிக்கொண்டால் காலை ஊன்றவே வேண்டாம். பிற்பாடு தமிழக அரசே இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. நான் வாங்கிய வண்டியில்தான் இருபது வருஷம் புளியந்தோப்பு நெடுஞ்சாலை, பேசின் பிரிட்ஜ், மின்ட் வழியாகப் போய்வந்தேன். அதன்மேல் எனக்கு இருக்கும் மரியாதை இன்றும் குறையவில்லை.

ஆனால் அதற்கு இரண்டு குறைகள். ஒன்று மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்றால் எங்கள் பக்கத்துக்கே வழி அடைபட்ட மாதிரிதான். சுற்றிப் போய் நனைந்து சேர்ந்தால், மற்றவர்களுக்குத் துணி மட்டும்தான் ஈரம். எனக்குக் காலிப்பரின் தோல் ஊறிப்போகும். ஊறிய தோல் அறுக்கும். இரும்பு துருப்பிடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வாரம் என்னால் அதைப் பூட்டவே முடியவில்லை.

இன்னொரு குறை, அந்த வண்டி பின்னால் போகாது. இதை இரண்டு கால் உள்ளவர்களுக்குப் புரியவைப்பது கடினம். அவர்கள் சீட்டில் உட்கார்ந்தபடியே காலால் தள்ளிப் பின்வாங்கிவிடுவார்கள். சைடு வீல் வண்டியில் அது முடியாது. சந்துக்குள் நுழைந்து எதிரில் மீன்பாடி வண்டி வந்துவிட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். "தம்பி, கொஞ்சம் பின்னாடி இழுத்து உடுறியா?" இருபது வருஷமாக நான் அதிகம் பேசிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். யாரும் முடியாது என்று சொன்னதில்லை. எங்கள் ஏரியாப் பையன்களுக்குக் கூப்பிடவே வேண்டாம், பார்த்தாலே ஓடிவருவார்கள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கார் என்று ஆசைப்பட்டது அதற்குப் பிறகுதான். கிளட்ச் இல்லாத கார் உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1939இலேயே ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கி கியர்பாக்ஸைக் கொண்டுவந்துவிட்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்து கால் இழந்த சிப்பாய்கள் ஊர் திரும்பியபோது அந்த கியர்பாக்ஸ்தான் அவர்களுக்குக் கை கொடுத்தது. 1946இல் அந்நாட்டு அரசு, அப்படிக் கால் இழந்தவர்கள் கார் வாங்க ஆளுக்கு 1,600 டாலர் வரை கொடுத்தது. இதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சடைத்தது. ஓர் அரசாங்கம் ஒரு காலை இழந்தவனைப் பார்த்து, உனக்கு எந்தப் பெடல் இடைஞ்சல் என்று கேட்டு, அந்தப் பெடல் இல்லாத வண்டியை வாங்கிக்கொடுத்திருக்கிறது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்குவதற்கும் முன்னால் நடந்த காரியம் இது. (ஆமாம், இன்று லாரியும் பஸ்ஸும் செய்கிற அசோக் லேலண்ட், 1948இல் கார் கம்பெனியாகத்தான் எங்கள் வடசென்னையில் பிறந்தது.)

நம் நாட்டில் ஆட்டோமேடிக் என்றால் பணக்காரர் வண்டி என்று ஆகிப்போனது. மாருதி ஜென்னிலும் ஹூண்டாய் சான்ட்ரோவிலும் ஆட்டோமேடிக் வந்ததுதான். ஆனால் விலை கூடுதல், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும் என்று வாங்குவோர் ஒதுங்கினார்கள். 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. என்ற புது வகை ஆட்டோமேடிக் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. சாதாரண கியர் வண்டிக்கும் அதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, மைலேஜும் ஏறக்குறைய அதே. அடுத்த மாதம், மார்ச் 27ஆம் தேதி, இந்தியா உட்பட தன் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இரண்டு செய்திக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் எனக்கு அந்த இரண்டு மாதங்களும் சேர்ந்தேதான் ஞாபகத்தில் இருக்கின்றன. இனிமேல் ஒரு குழந்தைக்கும் வராது என்ற செய்தியும், ஏற்கனவே வந்த எங்களுக்கு ஒரு கார் இருக்கிறது என்ற செய்தியும்.

வாங்குவதற்கு இன்னும் நான்கு வருஷம் ஆயிற்று. ஜி.எஸ்.டி. வந்தபோது, நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ உடல் ஊனம் உள்ளவர்கள் வாங்கும் சின்னக் காருக்கு 28 சதவீதத்துக்குப் பதில் 18 சதவீத வரி என்று சலுகை கொடுத்திருந்தார்கள். அதற்கு மத்திய கனரகத் தொழில் துறையின் சான்றிதழ் வேண்டியிருந்தது. கணக்கு எழுதுகிறவளுக்கு அந்தப் பத்து சதவீதம் என்னவென்று தெரியாதா? காகிதம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. எந்தக் காகிதத்தோடு எதை இணைக்க வேண்டும் என்பதுதானே என் பிழைப்பு. 2018இல் வெள்ளை நிறத்தில் சின்ன ஏ.எம்.டி. கார் ஒன்று என் பெயரில் வந்தது.

வண்டி வந்துவிட்டது, கற்றுக்கொடுக்க ஆளில்லை. டிரைவிங் ஸ்கூல்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் கியர் வண்டிதான். "ஆட்டோமேடிக் நாங்க வச்சிக்கறதில்லம்மா, யாரும் கேக்கறதில்ல" என்றார்கள். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பயிற்சியாளர் பக்கமும் பிரேக் முதலிய கட்டுப்பாடுகள் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. கற்றுக்கொள்கிறவரின் பாதுகாப்புக்கு ரொம்ப நல்ல விதி. ஆனால் ஆட்டோமேடிக் மட்டுமே ஓட்டக்கூடிய என்னைப் போன்ற ஒருத்திக்கு அந்தப் பாதுகாப்பு எங்கே கிடைக்கும்? ஒரு கவுண்டரில் இருந்தவர், "இந்தக் கால வச்சிக்கினு ஏம்மா ரிஸ்க் எடுக்கறே, டிரைவர் போட்டுக்கோயேன்" என்று நல்லவிதமாகவே சொன்னார். என் சம்பளத்துக்கு டிரைவர்!

கடைசியில் மாமாதான் வந்தார். வாசலில் நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கதவைத் திறந்து குனிந்து பெடலைப் பார்த்தார். "ரெண்டுதான் கீது" என்றார், எதையோ திருடிவிட்டார்கள் என்பது போல. முதலில் தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கால். பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்து வண்டியை டபுள் கிளட்ச் அடித்து கியர் இறக்கிய கால். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் அந்தக் கால் பழக்கதோஷத்தில் கிளட்ச்சைத் தேடி இடப்பக்கம் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. மறுபடி கிளம்பினார், மறுபடியும் அதே. மூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: "பாப்பா, இது எனக்குத்தான் கஷ்டம். உனக்கு மறக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

அன்றிலிருந்து இடது காலை சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்டிப் பழகினார். பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஸ்டிரஹான்ஸ் சாலையில் ஆள் நடமாட்டம் குறைவு. முன்னும் பின்னும் வெள்ளை அட்டையில் சிவப்பு எல். மாமா பக்கத்து சீட்டில். அவர் பக்கம் பிரேக் இல்லாததால் வலது கையை ஹேண்ட் பிரேக்கிலிருந்து எடுக்கவே மாட்டார். முதல் பாடம் காலைப் பற்றியது. காலிப்பர் வளையத்தைத் தூக்கி மூட்டை மடக்கி, பூட்ஸை இடது ஓரத்துத் தகட்டில் சாய்த்து வைக்க வேண்டும். அது நழுவிப் பிரேக்குக்கு அடியில் போய்விட்டால் ஆபத்து. சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளினால் பூட்ஸ் தானாக நகராது என்று மாமா மண்டியிட்டுப் பார்த்து, சீட் நகரும் இரும்புத் தடத்தில் அந்த இடத்துக்குச் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டார். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. யாராவது வண்டியை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் முதலில் கோட்டுக்கு வந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

அடுத்தது வலது கால். "குதிகால் தரையில இருக்கணும், பிரேக்குக்கு நேரா. காலத் தூக்காத. முன்கால மட்டும் திருப்பு. ஆக்ஸிலேட்டருக்குப் போனாலும் குதிகால் வீட்லயே இருக்கட்டும்." இதை வண்டி நின்ற நிலையில் செய்யச் சொல்லி, வலது கணுக்கால் வலிக்கும்வரை விடவில்லை. ஒரே கால் இரண்டு வேலை செய்கிறது. அதில் குழப்பம் வந்தால் நிறுத்த வேண்டிய இடத்தில் வண்டி பாயும். ஆட்டோமேடிக்கில் நடக்கிற விபத்துகளில் இது முக்கியமானது என்று மாமாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவராகவே கண்டுகொண்டார்.

கிளட்ச் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். இருபது வருஷம் வண்டி ஓட்டியும் எனக்குத் தெரியாது. "என்ஜின் சுத்திக்கினே இருக்கும். சக்கரம் நிக்கணும். ரெண்டையும் பிரிச்சி உடறதுதான் கிளட்ச்" என்றார். அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. பழைய வகை ஆட்டோமேடிக்கில் இந்தப் பிரிக்கும் வேலையை எண்ணெய் செய்கிறது. என்ஜின் பக்கத்துச் சுழலி எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் கியர்பாக்ஸ் பக்கத்துச் சுழலியைத் திருப்பும். என் வண்டி அப்படியல்ல. ஏ.எம்.டி.யில் உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸும் சாதாரண கிளட்ச்சும்தான். கிளட்ச்சைப் பிரித்து, கியரை மாற்றி, மறுபடி சேர்க்கும் வேலையை மட்டும் ஒரு ஹைட்ராலிக் கருவி, கம்ப்யூட்டர் சொல்படி செய்கிறது. அதனால்தான் கியர் மாறும்போது வண்டி ஒரு கணம் தயங்கித் தலையை ஆட்டும். மாமாவுக்கு அந்தத் தயக்கம் காதிலேயே கேட்டது. "இப்ப செகண்டுக்குப் போவுது, காலக் கொஞ்சம் லேசாக்கு... ம், இப்பக் குடு." அவர் சொன்னபடி ஆக்ஸிலேட்டரை இம்மி தளர்த்தினால் தயக்கமே தெரியாமல் கியர் விழும். கிளட்ச் மிதிக்காமலே, கியர் மாறுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

என் வண்டியில் பார்க்கிங் என்ற நிலை கிடையாது. ஆர், என், டி, கையால் மாற்ற எம், அவ்வளவே. மேட்டில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்தான் துணை. இதைக் கற்றுக்கொண்டது பேசின் பிரிட்ஜ் பாலத்தில். சிக்னலுக்காகச் சரிவில் வரிசை நிற்கும். முன்னால் குட்டி யானை, பின்னால் ஷேர் ஆட்டோ ஒரு சாண் இடைவெளியில். பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டருக்குக் கால் போகும் அந்த அரை நொடியில் வண்டி பின்னால் உருளப் பார்க்கும். சமதரையில் பிரேக்கை விட்டாலே தானாக ஊர்ந்து போகிற வண்டிதான், ஆனால் சரிவில் அந்த ஊர்தல் போதாது. மாமா அதற்கு ஒரே வழி வைத்திருந்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வை, ஆக்ஸிலேட்டரைக் கொடு, வண்டியின் மூக்கு இலேசாகத் தூக்குவது தெரியும், அப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கு. "பின்னாடி ஆரன் அடிப்பான். அடிக்கட்டும். ஆரன் வண்டியத் தள்ளாது." பாலத்தில் ஏறி இறங்கி, யூ டர்ன் போட்டு, மறுபடி ஏறி, வெயில் வரும்வரை அதையே செய்தோம்.

ரிவர்ஸைக் கடைசியில்தான் சொல்லிக்கொடுத்தார். மில் மதிலை ஒட்டிய சந்து ஒன்றில் வண்டியை நுழைக்கச் சொன்னார். நுழைத்தேன். "இப்ப வெளிய வா" என்றார். திரும்ப இடமில்லை. வழக்கம்போல என் கண் யாராவது பையன் நிற்கிறானா என்று தேடியது. எனக்கே தெரியாமல் தேடியது. மாமா கியர் லிவரைக் காட்டினார். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆர் போட்டேன். கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியே பார்த்தபடி, பிரேக்கை இலேசாக விட்டேன். வண்டி பின்னால் நகர்ந்தது. மதிலின் காறைகள், ஒரு போஸ்டர், ஒரு தண்ணீர்க் குழாய், எல்லாம் எதிர்த்திசையில் கடந்து போயின. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்று மாமா சொல்லிக்கொண்டே வந்தார். சாலைக்கு வந்து நிறுத்தினேன். கண்ணில் தண்ணீர். மாமா பதறிப்போய், "இன்னா பாப்பா, இடிச்சிட்டியா? இல்லியே?" என்றார். யாரையும் கேட்காமல் பின்னால் வந்தது எனக்கு அதுதான் முதல் தடவை என்று அவருக்குச் சொல்ல வரவில்லை. இன்னொரு தடவை உள்ளே போய் வருகிறேன் என்றேன்.

உரிமத்துக்கு, நாற்பது தாண்டியவர்கள் தர வேண்டிய டாக்டர் சான்றிதழ், சொந்த வண்டியோடு டெஸ்ட் என்று எல்லாம் முறைப்படி நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்த இன்ஸ்பெக்டர் முன்னால் போகச் சொன்னார், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார், நிறுத்தச் சொன்னார். அதிகம் பேசவில்லை. இறங்கும்போது, "கால் வைக்கிற முறை நல்லாருக்கு, யார் சொல்லிக்குடுத்தது?" என்று மட்டும் கேட்டார். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் அன்று இரண்டு டீ குடித்தார்.

உண்மையான பள்ளிக்கூடம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைதான். திருவொற்றியூரில் அத்தை வீட்டுக்குப் போகும் வழி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஹார்பருக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசை. தம்பு செட்டித் தெருவில் நான் எழுதிய நாற்பதடி என்பது பேரேட்டில் ஓர் எண். இங்கே அதன் சக்கரம் என் ஜன்னல் உயரத்துக்கு நிற்கிறது. டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது தலை வலப்பக்கம் விலகிப் போய்த்தான் திரும்பும். அந்த இடைவெளியைப் பார்த்து உள்ளே நுழைந்தவன் பின்சக்கரத்தில் மாட்டுவான். டிரைவரின் கண்ணாடியில் நம் முகம் தெரியாவிட்டால் அவனுக்கு நாம் அங்கே இல்லை. இதெல்லாம் மாமா அந்த வரிசையின் ஓரமாக என்னை ஊரவிட்டுக் காட்டிய பாடங்கள். "பக்கத்து வண்டியப் பாக்காத. மூணாவது வண்டியப் பாரு. அது பிரேக் அடிச்சா நீ இப்பவே காலத் தூக்கணும்." காசிமேட்டில் மீன் இறங்கும் நேரமானால் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன்பாடி வண்டிகள் எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். அவர்களுக்குச் சரக்கு கெட்டுப்போகும் அவசரம். அந்த இடத்தில் வழி விடுவதுதான் ஓட்டுவது.

"ஆட்டோமேடிக் ஓட்றதெல்லாம் ஒரு டிரைவிங்கா" என்று இன்னும் சொல்கிறார்கள். என் அண்ணன் மகனே சொல்லியிருக்கிறான். கியர் போடுகிறவனுக்கு அதில் ஒரு பெருமை இருக்கிறது, இருக்கட்டும். மாமாவின் டபுள் கிளட்ச்சுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் பாலத்துச் சரிவில் ஷேர் ஆட்டோவுக்கும் குட்டி யானைக்கும் நடுவே பதறாமல் நிற்பதும், டிரெய்லரின் தலை விலகுவதைப் பார்த்துப் பின்தங்குவதும், பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் பட்டாளம் பகுதியில் ஒரு பந்து உருண்டுவந்தால் பின்னாலேயே பையன் வருவான் என்று காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதும் கிளட்ச்சில் இல்லை. அவை கண்ணிலும் வலது காலிலும் இருக்கின்றன. அந்த இரண்டும் எனக்கு எப்போதும் இருந்தன. ஒரு பெடலைக் காரணம் காட்டி, இவ்வளவையும் நாற்பது வயதுவரை என்னிடமிருந்து தள்ளிவைத்திருந்தார்களே என்பதுதான் என் ஆற்றாமை. எனக்கு மட்டுமா? ஊரில் எத்தனை பேர்.

2025 ஜூன் 30 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் 120 மின்சாரத் தாழ்தளப் பஸ்களைத் தொடங்கிவைத்தார். தொடங்கிய இடம் வியாசர்பாடி டெப்போ, மாமாவின் டெப்போ. தாழ்தளம் என்பதால் சக்கர நாற்காலியோடு ஏறலாம். அதைவிட மாமாவைத் திகைக்க வைத்தது, அவற்றிலும் கிளட்ச் இல்லை என்பது. டிவியில் டிரைவர் சீட்டைக் காட்டியபோது எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார். "ரெண்டுதான்" என்றார். இந்தத் தடவை குரலில் வருத்தம் இல்லை.

சென்ற மாதம் கே.பி. பார்க் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பைக் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பழகிவிட்டது, வேலைக்குப் போகிறாள். கார் ஓட்ட முடியுமா அக்கா என்று கேட்டாள். முடியுமா என்பதற்குப் பதில் சொல்லாமல் காகிதங்களைச் சொன்னேன். ஊனச் சான்றிதழ், டாக்டர் சான்று, எல்.எல்.ஆர். அதற்கு முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போகலாம், ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு எல்லோருக்குமே 18 சதவீதம்தான் என்பதால் என்னைப் போல கனரகத் தொழில் துறைச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம். சாலை வரி விலக்குக்கு மட்டும் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள்.

"டிரைவிங் ஸ்கூல்?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் இன்னும் தேடத்தான் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு டிரைவிங் ஸ்கூலிலும் ஓர் ஆட்டோமேடிக் வண்டி இருந்தாக வேண்டும் என்று அரசு விதி போட வேண்டும். இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எழுதியும் கொடுத்திருக்கிறேன். அதுவரை என் வண்டி இருக்கிறது. எல்.எல்.ஆர். கைக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்டிரஹான்ஸ் சாலைக்கு வரச் சொன்னேன். பழக்கமான ஷூவைப் போட்டுக்கொண்டு வா என்றேன். மாமாவும் வருவார்.